ஈர ரப்பர் மரத் தடிக்கு இரும்புப் பட்டையா, பெட் (பிளாஸ்டிக்) பட்டையா?

2024 மே 4, கேள்வி

மார்த்தாண்டம் பக்கம் சின்ன சாமில் (மரம் அறுக்கும் மில்) வைத்திருக்கிறோம். இதுவரை உள்ளூருக்கு மட்டும்தான் கொடுத்தோம். இப்போது ரப்பர் மர ரீப்பர் (மெல்லிய சட்டம்) கோயம்புத்தூரிலும் தூத்துக்குடியிலும் கேட்கிறார்கள். கட்டுக்கம்பி போட்டு அனுப்பிய முதல் லோடு, இறக்கும்போது பாதிக் கட்டு தொளதொளவென்று இருந்ததாம். இனி கம்பிக்குப் பதில் கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டை (ஸ்ட்ராப்) போடலாம் என்று இருக்கிறேன். இரும்பா, பிளாஸ்டிக்கா? இரும்புதான் பலம் என்கிறார் அப்பா. பட்டை இறுக்கும் பேட்டரி மெஷின் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

தம்பி, அப்பா சொன்னது சரி, இரும்புதான் பலம். ஆனால் உங்கள் கட்டு பலம் போதாமல் அவிழவில்லை. கம்பி அறுந்ததா என்று இறக்கியவரிடம் கேட்டுப் பாருங்கள். அறுந்திருக்காது. குலசேகரம் பக்கம் ஒரு மில்லில் இருபது வருடமாக லோடு அனுப்பும் வேலை என்னுடையது. பட்டை அறுந்து போன கட்டை இரண்டோ மூன்றோ தடவைதான் பார்த்திருக்கிறேன். தளர்ந்து போன கட்டுக்குக் கணக்கே இல்லை.

அதனால் முதலில் பதில் வேண்டியது எனக்கு: அறுத்து எத்தனை நாளில் ஏற்றுகிறீர்கள்? சூளையில் காய வைத்ததா, பச்சையா?

மே 5

பச்சைதான், அறுத்த இரண்டாம் நாள் ஏற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் கணக்கு இதுதான்.

உங்கள் கட்டு மூன்று அடி அகலம், இரண்டு அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு பத்து அடி, ஏறக்குறைய மூன்று மீட்டர். மரம் காய்ந்து ஒரு சதவீதம் சுருங்கினாலும் சுற்றளவில் 30 மில்லிமீட்டர் குறைந்துவிடும். 19 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. கனம் உள்ள இரும்புப் பட்டையைக் கை டூலில் நன்றாக இழுத்தால்கூட மூன்று மீட்டருக்கு நாலைந்து மில்லிமீட்டர்தான் நீளும். திரும்பிச் சுருங்கிப் பிடிக்க அவ்வளவுதான் அதனிடம் இருக்கிறது. கட்டு ஐந்து மில்லிமீட்டர் இளைத்ததும் பட்டை வளையல் மாதிரித் தொங்கும். அது எத்தனை நூறு கிலோ தாங்கும் என்பதற்கு அதற்குப் பிறகு வேலையே இல்லை.

பெட் பட்டை வேறு ரகம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பாலியெஸ்டர்தான் அது. பச்சை நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சதவீதம் இழுத்துப் பூட்டினால் மூன்று மீட்டரில் 60 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். மரம் இளைக்க இளைக்க அதில் பெரும்பகுதியை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். பச்சைத் தடிக்கு அதுதான்.

துணிக்கடைப் பெட்டிக்குப் போடும் பிபி (பாலிப்ரொப்பிலீன்) பட்டையைத் தொடாதீர்கள். அன்றைக்கு இறுக்கமாக இருக்கும். நாலு நாளில் தானாகவே நீண்டு தளர்ந்து நிற்கும். வெயிலில் கிடந்தால் நார் நாராகப் பிரியும்.

மே 5, சேர்த்தது

காய்ந்த தடிக்கும் கனமான சட்டத்துக்கும் நான் இன்னும் இரும்பே போடுகிறேன். இரும்பு வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மே 7

நேற்றிலிருந்து ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மே 5 அன்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

மரம் பச்சையாக இருக்கும்போது உடனே சுருங்காது. முதலில் உள்ளே குழாய்களில் நிற்கும் தண்ணீர்தான் போகும். ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுருக்கமே தொடங்கும். உங்கள் லோடு சாயங்காலம் கிளம்பி மறுநாள் கோயம்புத்தூரில் இறங்கியிருக்கிறது. ஒரே இரவில், தார்ப்பாய்க்கு அடியில், பச்சை ரீப்பர் ஒரு சதவீதம் இளைக்க வழியே இல்லை. அப்படியென்றால் ஏன் தளர்ந்தது?

இன்று காலை ஷெட்டில் ஒரு கட்டை அவிழ்த்து ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தேன். ஒரு இஞ்சு ரீப்பர், இரண்டு அடி உயரத்துக்கு 24 அடுக்கு. ரம்பம் ஓடிய முகம் சொரசொரப்பாக இருக்கிறது. நடுவில் மரத்தூள் அப்பியிருக்கிறது. ஒரே ரீப்பரின் இரண்டு முனைக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். லாரி நாகர்கோவில் தாண்டும் முன்னே இதெல்லாம் குலுங்கிப் படிந்துவிடும். அடுக்குக்கு அரை மில்லிமீட்டர் படிந்தால் 24 அடுக்குக்கு 12. மேலிருந்து கீழே இரண்டு பக்கமும் பட்டை ஓடுவதால் சுற்றில் 24 மில்லிமீட்டர் தளர்ச்சி. இரும்புக்கும் கட்டுக்கம்பிக்கும் அதுவே போதும்.

ஆக முடிவு மாறவில்லை, காரணம்தான் மாறியது. ஒரு ராத்திரிப் பயணத்தில் தளர்வது படிவதால். தூத்துக்குடிக் கிடங்கில் மூன்று வாரம் கிடந்து தளர்வது சுருங்குவதால். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் தவறு.

மே 8

கட்டும் முன் தூளைத் தட்டி விடுங்கள். தென்னந்துடைப்பம் போதும். அடுக்கி முடித்ததும் மரச் சுத்தியலால் மேலே நாலு தட்டு. பட்டையை முக்கால் இறுக்கம் இழுத்து, இன்னொரு முறை தட்டி, அப்புறம் முழு இறுக்கம். இந்த இரண்டாம் தட்டு எங்கள் மில்லில் யாருக்கும் பிடிக்காது, நேரம் போகிறது என்பார்கள். நான் விடுவதில்லை.

மே 9

விலை பற்றி மூன்று பேர் கேட்டார்கள். கிலோ விலையைப் பார்த்து இரும்பு மலிவு என்று சொல்கிறார்கள். பட்டையை யாரும் எடை போட்டுக் கட்டுவதில்லை, நீளத்தில்தான் கட்டுகிறோம்.

19 × 0.6 இரும்பு ஒரு கிலோவுக்கு 11 மீட்டர் வரும். 16 × 0.8 பெட் பட்டை ஒரு கிலோவுக்கு 56 மீட்டர் வரும். மூன்று மீட்டர் சுற்றளவுக்கு இரும்பு கிலோவுக்கு மூன்று சுற்று, பெட் 18 சுற்று. இனி உங்கள் ஊர் விலையை வைத்து வகுத்துப் பாருங்கள்.

மே 9, இரவு

18 இல்லை. மேலே ஏறி நிற்கும் நுனியையும் டூல் பிடிக்கத் தேவையான வாலையும் விட்டுவிட்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு அடி கூடுதல் வேண்டும். அப்படிப் போட்டால் பெட் 16 சுற்று, இரும்பு மூன்று. மார்த்தாண்டம் தம்பி சுட்டிக்காட்டியதற்கு நன்றி. வாங்கும் ஆள் கணக்கு சரியாகப் பார்க்கிறார், அது நல்லது.

மே 12

இது கொஞ்சம் நீளும்.

பட்டை எங்கே அழுத்துகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நான் பல வருடம் யோசிக்கவில்லை. சுற்றிலும் எல்லா இடத்திலும் அழுத்துகிறது என்றே நினைத்திருந்தேன். கையை வைத்துப் பார்த்தால் தெரியும். மூலையில் விரல் நுழையாது. நடுவில், மேல்முகத்தில், பட்டையை இரண்டு விரலால் தூக்கலாம். பட்டை வளைகிற இடத்தில்தான் அழுத்தும். நேராகப் போகிற இடத்தில் மரத்தின் மேல் சும்மா படுத்திருக்கும்.

அதாவது மூன்று அடி அகலக் கட்டில் இரண்டு ஓரத்து ரீப்பர்கள்தான் பிடிபட்டிருக்கின்றன. நடுவில் இருப்பவை பக்கத்து ரீப்பரின் உரசலை நம்பி நிற்கின்றன. பச்சை ரப்பர் வழுக்கும், பாலும் நீரும் சேர்ந்த ஈரம் அது.

இதை நான் கற்றுக்கொண்டது சந்தோஷமான நாளில் இல்லை. காவல்கிணறு தாண்டி நம் லோடு போன லாரிக்குக் குறுக்கே ஒரு பைக் வந்தது. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். பைக்காரர் தப்பினார். முன்வரிசைக் கட்டின் நடு ரீப்பர்கள் ஏழெட்டு, உறையிலிருந்து கத்தி உருவின மாதிரி, முன்னால் பாய்ந்து கேபின் பின்பக்கத் தகட்டில் போய்க் குத்தின. பட்டை ஒன்றும் அறவில்லை. இறுக்கமாகவே இருந்தது, இரும்புப் பட்டை. நான் போய்ப் பார்த்தபோது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகடு உள்வாங்கி இருந்தது. அதில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு பட்டைக்கு அடியில் மேல்சட்டம் இல்லாமல் ஒரு கட்டும் எங்கள் ஷெட்டை விட்டுப் போனதில்லை. செய்ய வேண்டியது சின்ன வேலை. பட்டை போகும் இடத்தில், கட்டின் அகலத்துக்கு ஒரு ரீப்பரைக் குறுக்கே வையுங்கள். அதன் நடுவுக்கு அடியில் அரை இஞ்சுக் கட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். பட்டையை இழுக்கும்போது குறுக்குச் சட்டத்தின் முனைகள் கீழே வளையும், நடுத்துண்டு உள் ரீப்பர்களை அழுத்தும். கீழே தாங்குகட்டை, மேலே குறுக்குச் சட்டம், இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பட்டையும் அதே கோட்டில்.

ஆறு அடிக் கட்டுக்கு இரண்டு பட்டை, முனையிலிருந்து ஒரு அடி உள்ளே. எட்டு அடிக்கு மூன்று. பன்னிரண்டு அடிக்கு நாலு.

மே 12, கேட்டவர்

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் ஒரு கட்டின் நடு ரீப்பரைக் கையால் இழுத்தேன். வந்துவிட்டது.

மே 13

இன்று ஏற்றாதீர்கள். எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டுங்கள் மக்கா.

மே 17

டூல் பற்றி.

இரும்புக்கு: இழுக்க ஒரு டென்ஷனர், சீல் கிளிப், கிளிப்பை நெரிக்க ஒரு சீலர். மூன்றும் தனித்தனி. கிளிப் இல்லாமல் பட்டையையே வெட்டி மடக்கிப் பூட்டும் ஒற்றை டூலும் உண்டு. கிளிப் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் வெட்டும் பல் மழுங்கினால் பூட்டு கோணலாக விழும்.

டென்ஷனரில் இரண்டு வகை, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல்சக்கரம் வைத்தது ஒன்று. அதற்கு அடிப்பாதம் உண்டு, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே அந்தப் பாதம் நிற்கும். இழுத்துப் பூட்டி டூலை உருவினால் பாதத்தின் கனம் அளவுக்குப் பட்டை தளரும். மூன்று அடித் தட்டையான கட்டில் அது பெரிதாகத் தெரியாது. சின்னக் கட்டிலும் உருண்டைக் கழிக் கட்டிலும் இறுக்கம் முழுக்கப் போய்விடும். அதற்குத் தள்ளி இறுக்கும் வகை வேண்டும். கிளிப்பின் மேல் முட்டிக்கொண்டு இழுக்கும், அடியில் எதுவும் போகாது. உங்களுக்கு ரீப்பர் மட்டும்தான் என்றால் பல்சக்கரம் போதும்.

பெட் பட்டைக்குக் கை டென்ஷனரும் இரும்புக் கிளிப்பும் போடலாம். பேட்டரி மெஷின் பட்டையோடு பட்டையை வேகமாக உரசி, அந்தச் சூட்டிலேயே ஒட்டவைக்கும். கிளிப் வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது கட்டு என்றால் கை டூலே போதும், அந்தப் பணத்தில் சூளைக்கு ஏதாவது செய்யுங்கள். ஐம்பதுக்கு மேல் என்றால் தோள்பட்டை தாங்காது, மெஷின் வாங்குங்கள்.

மே 21

தக்கலையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: மெஷின் வாங்கி ஒரு மாதம், ஒட்டு விட்டு விட்டுப் போகிறது, பேட்டரி மோசம்.

பேட்டரியாக இருக்காது. நானும் முதலில் பேட்டரியை மாற்றினேன், அப்புறம் ரோலை மாற்றினேன். கடைசியில் ஒட்டு பிரிந்த ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒட்டின் நடுவே பழுப்புப் புள்ளிகள். மரத்தூள். சாமில் காற்று முழுக்க அதுதானே. இரண்டு பட்டைக்கும் நடுவில் ஒரு சிட்டிகைத் தூள் இருந்தால் அந்த இடம் உருகி ஒட்டாது. ஜூனில் மழை தொடங்கினால் ஈரமும் சேரும்.

இப்போது எங்கள் பையன் இடுப்பில் ஒரு பழைய பருத்தித் துணி செருகியிருப்பான். பட்டையை மெஷினில் மாட்டும் முன் நுனியிலிருந்து ஒரு முழம் துடைப்பான். ரோல் நிற்கும் வண்டிக்குச் சாக்கு மூடி. சாயங்காலம் சக்கரப் பல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பான், பல் இடுக்கில் பிளாஸ்டிக் மாவு ஏறினால் பட்டையை வழுக்க விடும். இவ்வளவுதான் செய்தோம். ஒட்டு விடுவது நின்றது.

காலையில் முதல் ஒட்டைக் கையால் திருகிப் பிரித்துப் பாருங்கள். சுலபமாகத் தோல் மாதிரி உரிந்தால் சூடு போதவில்லை. ஓரத்தில் உருகி வழிந்து பட்டை மெலிந்திருந்தால் சூடு அதிகம். நன்றாக ஒட்டியது என்றால் பிரிக்கும்போது பட்டையின் சதையையே கிழித்துக்கொண்டு வரும்.

மே 22

ரோல் வாங்கும்போது ஒரு முழம் எடுத்து இறுக்கமாக மடக்கி விரித்துப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் விழுந்தால் வேண்டாம்.

ஜூன் 3

கறை பற்றிய கேள்விக்கு. இரும்புப் பட்டை போட்ட இடத்தில் ரப்பர் மரம் கறுத்துவிட்டது, இரும்புதான் காரணம் என்கிறார். இரண்டு கறுப்பு உண்டு, வேறு வேறு.

தேக்கு, அயினி மாதிரி மரங்களில் ஈரத்தோடு இரும்பு பட்டால், மரத்தில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகும். பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில், கோடு கிழித்த மாதிரி வரும். ஆக்சாலிக் ஆசிட் கரைசலைத் தடவிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். விஷம் அது, கையுறை போடுங்கள்.

ரப்பர் மரத்தில் வரும் நீலம் பூஞ்சை. மரத்தில் மாவும் சர்க்கரையும் இருக்கிறது, வெட்டி ஓரிரு நாளிலேயே உள்ளே இறங்கிவிடும். மரத்தின் உள்வரைக்கும் போகும், கழுவினாலும் இழைத்தாலும் போகாது. பட்டை போட்ட இடத்தில் கூடுதலாகத் தெரிவது, அங்கே காற்றுப் போகாமல் ஈரம் தங்கியதால். அதற்கு மருந்து பட்டையில் இல்லை. அறுத்த அன்றே பூஞ்சைக்கான மருந்துக் கரைசலில் போட வேண்டும். பச்சைத் தடியைக் குச்சி வைக்காமல் இறுக்கிக் கட்டி நாள்கணக்கில் ஷெட்டில் வைக்கவே கூடாது. கட்டுவது ஏற்றுவதற்கு மட்டும். வைத்திருப்பதென்றால் அடுக்குக்கு நடுவே குச்சி.

ஒக்கிப் புயல் நினைவு வருகிறது. 2017 நவம்பர் 30. நம் மாவட்டத்தில் ரப்பர் எவ்வளவு விழுந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மில் வாசலில் ரோடு வரைக்கும் தடி. அறுக்க ஆள் இல்லை, கரண்ட் இல்லை, மருந்து இல்லை. ஒரு பெரியப்பா தன் ஐந்து ஏக்கர் தோட்டத்தையும் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எவ்வளவு கொடுத்தாலும் சரி என்று சொல்லி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அறுப்பதற்குள் எல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. பேக்கிங் பெட்டிக்குத்தான் போனது.

பட்டையில் தொடங்கி எங்கேயோ போய்விட்டேன். இருக்கட்டும், அழிக்கவில்லை.

ஜூன் 4

ரப்பர் மரம் மெத்தென்று இருக்கும், இரும்புப் பட்டை மூலையில் கடித்து ஓர ரீப்பர் நாலும் இரண்டாந்தரம் ஆகிவிடும். மூலைக்குத் தகடு வையுங்கள். அட்டை மூலை மழையில் ஊறிக் கஞ்சியாகிவிடும், பிளாஸ்டிக் மூலை நல்லது.

ஜூன் 18

இதை யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

இரும்புப் பட்டையை வெட்டும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பட்டை வெட்டியதும் இரண்டு நுனியும் பாம்பு மாதிரி எகிறும், ஓரம் பிளேடு. பக்கவாட்டில் நின்று, கையுறை போட்ட ஒரு கையால் பட்டையை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீளப்பிடிக் கட்டரால் வெட்டுங்கள். கண்ணாடி கட்டாயம். கடப்பாரை நுழைத்துத் திருகி அறுப்பதை எங்கே பார்த்தாலும் தடுங்கள். எங்கள் சுமையாள் ஒருவருக்குப் புருவத்தில் ஆறு தையல், கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே. அதுவும் நாங்கள் ஏற்றிய இடத்தில் இல்லை, இறக்கிய இடத்தில். அதனால் இப்போது லோடோடு டிரைவரிடம் ஒரு கட்டரும் ஒரு கண்ணாடியும் கொடுத்து அனுப்புகிறேன். திரும்பி வருவது பாதிதான், இருந்தாலும் கொடுக்கிறேன்.

பட்டையில் கொக்கி மாட்டிக் கட்டைத் தூக்கவும் கூடாது. பட்டை கட்டைச் சேர்த்துப் பிடிக்கத்தான். தூக்கக் கீழே பெல்ட் போடுங்கள். மூன்றுக்கு இரண்டுக்கு ஆறு அடிக் கட்டு காய்ந்தாலே அறுநூறு கிலோ.

ஜூலை 2

தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போகிற லோடு பற்றிக் கேட்டிருக்கிறார் தம்பி. தாங்குகட்டையைக் கவனியுங்கள். வெளிநாட்டுக்குப் பேக்கிங்காகப் போகிற மரக்கட்டைக்கு, நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது போன்ற பக்குவம் செய்ததற்கான முத்திரை வேண்டும். சரக்கு மரம் சூளையில் காய்ந்ததாக இருந்தும், கீழே வைத்த கட்டைக்கு முத்திரை இல்லாமல் கன்டெய்னர் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கன்டெய்னருக்குக் காய்ந்த தடிதான் போகும், ஆனாலும் நான் பெட் போடுவேன், 19 × 1.0. கடல் காற்றில் இரும்பு துருப்பிடித்து, துரு வடிந்து வெள்ளைப் பலகை கெடும். மே 5 அன்று காய்ந்த தடிக்கு இரும்பு என்று எழுதியதில் இந்த விலக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 11, கேட்டவர்

கை டென்ஷனரும் பெட் ரோலும் வாங்கினேன். மேல்சட்டம் வைத்துக் கட்டிய மூன்று லோடு போய்விட்டது. கடைசி லோடு இறக்கும்போது வீடியோ அனுப்பச் சொன்னேன். ஆரல்வாய்மொழிக் காற்றில் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, கட்டு அப்படியே இருக்கிறது. அப்பா வீடியோவை இரண்டு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரே துடைப்பம் எடுத்துத் தூள் தட்டினார்.

ஆகஸ்ட் 11, இரவு

நடுவில் விரல் விட்டுப் பார்த்தீர்களா?

ஆகஸ்ட் 12, கேட்டவர்

இறக்கியவர் பார்த்தார் அண்ணாச்சி. ஒரு விரல் நுழைந்ததாம், இரண்டு நுழையவில்லை. ரீப்பர் ஒன்றும் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 12

சரி, போதும். ஒரு விரல் இருக்கும்.

வெட்டிப் போட்ட பெட் பட்டையை எரிக்காதீர்கள். மூன்று மீட்டர்த் துண்டு வாழைக்கு முட்டுக் கொடுக்க நன்றாக இருக்கிறது. என் மதினி நேந்திரன் தோட்டத்தில் குலை சாயும் பக்கத்துக்கு எதிரே கட்டிவிடுகிறார், கயிறு மாதிரி தண்டை அறுக்காது. ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், திருவட்டார் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம்.